அமெரிக்காவில் குழாய் வெடித்தால் ஆல்பர்ட்டாவில் ஆறு ஏன் வற்றுகிறது? (மில்க் ஆறு)

சமவெளிவாசி
ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கால்கரியில் இருக்கிறோம். போன வாரம் பிள்ளைகளோடு ரைட்டிங்-ஆன்-ஸ்டோன் பூங்காவில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கினோம். ஆல்பர்ட்டாவின் தெற்குக் கோடி, எல்லைக்கு அப்பால் மொன்டானாவின் குன்றுகள் கண்ணுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதத்தில் போனபோது மில்க் ஆற்றில் ரப்பர் மிதவை போட்டு வளைவு வளைவாக மிதந்து வந்தோம். அந்த ஆசையில் இந்த முறையும் மிதவையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனால், ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. பாதி இடம் மணல்திட்டு. என் சின்ன மகள் செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போய்விட்டாள்.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு பெரியவர், "ஜூன் மாதம் அமெரிக்காவில் குழாய் வெடித்துவிட்டது, அதனால்தான்" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. ஆறு அமெரிக்காவில் பிறந்து நம் பக்கம் வந்து திரும்பவும் அமெரிக்காவுக்குப் போகிறது என்று வரைபடம் காட்டுகிறது. தண்ணீர் எடுக்கும் குழாய் உடைந்தால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.


மடைக்காரர்

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் ஒரே வரியில் சொல்லலாம்: நீங்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிதந்தது மில்க் ஆற்றின் தண்ணீரில் இல்லை. அது வேறொரு ஆற்றின் தண்ணீர்.

நான் லெத்பிரிட்ஜ் பக்கம் பாசன வேலையில் பல வருஷம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் கிழக்கு விளிம்பில் இரண்டு ஆறுகள் அருகருகே தொடங்குகின்றன. ஒன்று செயின்ட் மேரி. பனிமலைகளுக்குள்ளேயே பிறப்பதால் ஜூன், ஜூலை வரை பனி உருகி நல்ல நீர் வரும். அது வடக்கே கனடாவுக்குள் வந்து, ஓல்ட்மேன் ஆற்றில் சேர்ந்து, தெற்கு சஸ்காச்சுவான் வழியாகக் கடைசியில் ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. மற்றது மில்க். இது மலைக்கு வெளியே, பிளாக்ஃபீட் என்ற பழங்குடி மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலத்தில் உள்ள அடிவாரக் குன்றுகளில் பிறக்கிறது. இதற்கு மலைப்பனி கிடையாது, சமவெளிப் பனிதான். மார்ச், ஏப்ரலில் அது ஒரே மூச்சில் உருகி வெள்ளமாகப் போய்விடும். ஜூனில் மழை பெய்தால் இன்னொரு தடவை ஏறும். ஜூலை பாதிக்குமேல் ஆற்றில் பெயருக்குத்தான் தண்ணீர் இருக்கும்.

இந்த மில்க் ஆறு ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்து, மில்க் ரிவர் என்ற சிற்றூரைத் தொட்டு, நீங்கள் தங்கிய பூங்கா வழியாக மறுபடி மொன்டானாவுக்குள் போகிறது. ஹாவர், சினூக், மால்டா, கிளாஸ்கோ எனப் பல ஊர்களைக் கடந்து ஃபோர்ட் பெக் அணைக்குக் கீழே மிசூரியில் கலக்கிறது. மொத்தம் 1,170 கிலோமீட்டர் சொச்சம். மிசூரி வழியாக மிசிசிப்பி, அங்கிருந்து மெக்சிகோ வளைகுடா. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நிற்கும் மில்க் ரிவர் மேட்டுக்கு வடக்கே விழும் மழை ஒரு கடலுக்கும், தெற்கே விழும் மழை இன்னொரு கடலுக்கும் போகிறது. கனடாவில் இருந்துகொண்டு மெக்சிகோ வளைகுடாவுக்கு ஓடும் நிலம் மிகக் கொஞ்சம், அதில் இது ஒன்று.

மொன்டானாவின் வடக்குச் சமவெளியில் நிலம் இருந்தது, கோடையில் தண்ணீர் இல்லை. செயின்ட் மேரியில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது கனடாவுக்கு ஓடியது. 1903-ல் மில்க் ரிவர் திட்டத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அப்புறம் பேப் என்ற ஊருக்கு அருகே செயின்ட் மேரியைத் தடுத்து, 47 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மேட்டைக் கடத்தி மில்க் ஆற்றின் வடக்குக் கிளையில் விட்டார்கள். பள்ளத்தாக்கு குறுக்கிடும் இடங்களில் தண்ணீரை ஒரு கரையில் இறக்கி மறுகரையில் ஏற்ற இரும்புக் குழாய்கள் போட்டார்கள், அவற்றைத்தான் சைஃபன் என்பார்கள். ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கும் அகலம். வாய்க்காலின் கடைசியில் தண்ணீரைப் படிப்படியாகக் கீழே இறக்க ஐந்து கான்கிரீட் சரிவுகள்.

இந்த ஜூன் 17-ம் தேதி செயின்ட் மேரி ஆற்றைக் கடக்கும் அந்தக் குழாய்கள் இரண்டும் வெடித்தன. மலைச்சரிவே அறுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து மில்க் ஆற்றுக்கு வெளித்தண்ணீர் நின்றுபோயிற்று. உங்கள் மகள் கால் நனையாமல் கடந்தது, கலப்பில்லாத மில்க் ஆற்றை.


வடதிசை

அருமையான விளக்கம் ஐயா. பெயரைத் தமிழில் சொன்னால் பாலாறு என்று இப்போதுதான் உறைத்தது! அந்தப் பெயர் எப்படி வந்தது?


மடைக்காரர்

1805 மே மாதம், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழு மிசூரி வழியாக மேலே போனபோது இதன் முகத்துவாரத்தைப் பார்த்தார்கள். ஒரு கோப்பைத் தேநீரில் ஒரு கரண்டிப் பால் விட்ட நிறம் என்று லூயிஸ் எழுதி வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய களிமண், வண்டல். இன்றும் மேலே இருந்து பார்த்தால் அந்த நிறம்தான். பிளாக்ஃபீட் மக்களின் பிளாக்ஃபுட் மொழியில் இதற்குச் 'சின்ன ஆறு' என்ற பொருளில் பெயர் உண்டு. கோடையில் ஆற்றைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்று எனக்குத் தோன்றும்.


சமவெளிவாசி

நன்றி ஐயா. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அமெரிக்கர்கள் தங்கள் தண்ணீரைக் கொண்டுபோக நம் நாட்டு வழியாக ஏன் விட்டார்கள்? நடுவில் நாம் எடுத்துக்கொண்டால் என்ன செய்வார்கள்?


மடைக்காரர்

தம்பி, இதே கேள்வியை 120 வருஷத்துக்கு முன்னால் லெத்பிரிட்ஜில் ஒரு கம்பெனி கேட்டது. கேட்டதோடு நிற்காமல் மண்வெட்டியையும் எடுத்தது.

அதற்கு முன்பே, 1900-ல், செயின்ட் மேரியின் தண்ணீரை வாய்க்கால் வெட்டி லெத்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கார்ட்ஸ்டன் பக்கம் குடியேறிய மார்மன் மக்கள்தான் அதை வெட்டினார்கள். அந்தக் கம்பெனியின் பெரிய மனிதர்கள் கால்ட் குடும்பத்தார், அவர்களோடு சார்ல்ஸ் மகிராத். இவர் லெத்பிரிட்ஜின் முதல் மேயர். அமெரிக்கா செயின்ட் மேரியைத் திருப்பப் போகிறது என்றதும் தங்கள் வாய்க்கால் காய்ந்துவிடும் என்று பயந்தார்கள். 1903, 1904-ல் மில்க் ரிவர் ஊருக்கு அருகே ஒரு வாய்க்காலை வெட்டத் தொடங்கினார்கள். அமெரிக்கா செயின்ட் மேரியில் எடுத்து மில்க்கில் விடும் தண்ணீரை, நம் எல்லைக்குள் வந்ததும் மில்க்கிலிருந்து எடுத்து வடக்கே திருப்பிவிடுவதுதான் நோக்கம். அதற்கு 'வீம்பு வாய்க்கால்' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. அதன் தடம் இன்றும் புல்வெளியில் தெரியும். நான் நடந்திருக்கிறேன். புல் மூடிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவந்த பள்ளம் அது.

அந்தப் பேச்சுவார்த்தையின் விளைவு 1909 ஜனவரி 11-ல் கையெழுத்தான எல்லை நீர் ஒப்பந்தம். கனடாவுக்காக பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. அதன் ஆறாவது பிரிவு இந்த இரண்டு ஆறுகளுக்கென்றே எழுதப்பட்டது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் செயின்ட் மேரியையும் மில்க்கையும் ஒரே ஆறாகக் கருத வேண்டும், தண்ணீரைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்கிறது. வேறு வேறு கடலுக்குப் போகும் இரண்டு ஆறுகள் காகிதத்தில் ஒன்றாயின. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

நடுவில் எடுத்தால் என்ன செய்வார்கள் என்றால், எடுக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். வாய்க்கால் வழியாக வந்த தண்ணீர் நம் நிலத்தில் ஓடினாலும் அது அமெரிக்காவின் தண்ணீர். ஆல்பர்ட்டா எடுக்கலாம் என்பது மில்க் ஆற்றின் இயற்கை நீரில் தன் பங்கை மட்டும்.


கரையோரம்

மடைக்காரர் ஐயாவின் பதிவுகளை ஆவலோடு படிக்கிறேன். நான் நிலவியல் படித்தவள், ஹாவர் பக்கம் கள ஆய்வுக்குப் போயிருக்கிறேன். ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. கதை கால்ட் கம்பெனிக்கும் மொன்டானா விவசாயிகளுக்கும் நடந்த சண்டை போலவே போகிறது. அந்த வாய்க்கால் யார் நிலத்தில் ஓடுகிறது? பிளாக்ஃபீட் ஒதுக்கீட்டு நிலத்தில். குழாய் வெடித்ததும் அங்கேதான். தண்ணீர் அவர்கள் மலையிலிருந்து, அவர்கள் நிலத்தின் குறுக்கே, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் வயல்களுக்குப் போகிறது. 1909 ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிளாக்ஃபீட் மக்களின் நீர் உரிமை உடன்பாட்டை மொன்டானா சட்டமன்றம் ஏற்றது 2009-ல், அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்றது 2016-ல். ஒப்பந்தத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

இதே ஆற்றங்கரையில் இன்னொன்றும் நடந்தது. சினூக்குக்குக் கிழக்கே ஃபோர்ட் பெல்க்னாப் என்ற ஒதுக்கீட்டு நிலம், அங்கே இருப்பவர்கள் ஆனினின், நகோடா மக்கள். 1888-ல் பெரும் நிலத்தை விட்டுக்கொடுத்து மில்க் ஆற்றின் தென்கரையில் ஒதுங்கினார்கள். வேட்டைக்குக் காட்டெருமை இல்லை, இனி விவசாயம் செய்யுங்கள் என்று சொல்லித்தான் அரசு அங்கே வைத்தது. 1905-ல் வறட்சி வந்தது. மேல்மடையில் குடியேறியவர்கள் ஆற்றை மறித்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள், இவர்கள் வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை. அரசு இந்தப் பழங்குடி மக்கள் சார்பில் வழக்குப் போட்டது. 1908 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நிலத்தை ஒதுக்கியபோதே அந்த நிலத்தில் வாழத் தேவையான தண்ணீரும் ஒதுக்கப்பட்டுவிட்டது, பின்னால் வந்தவர்கள் முதலில் எடுத்துப் பழகினோம் என்று சொல்லி அதைப் பறிக்க முடியாது. நீதிபதி மெக்கென்னா எழுதிய தீர்ப்பு. பிரதிவாதியின் பெயர் ஹென்றி வின்டர், நீதிமன்ற ஏட்டில் அது வின்டர்ஸ் என்று தவறாகப் பதிவாகி, இன்றுவரை வின்டர்ஸ் வழக்கு என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் எந்தப் பழங்குடி நீர் உரிமைப் பேச்சும் இந்த வழக்கிலிருந்துதான் தொடங்கும்.

உங்கள் மகள் செருப்பு நனையாமல் கடந்த ஆற்றில்தான் இத்தனையும் நடந்தது.


மடைக்காரர்

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. நான் விட்டது தப்புத்தான். எங்கள் வேலையில் கனஅடிக் கணக்குப் பார்த்துப் பார்த்து, வாய்க்கால் எந்த மண்ணில் ஓடுகிறது என்று யோசிக்காமலே இருந்துவிட்டோம்.


வடதிசை

சரிபாதி என்றால் சண்டையே இருக்கக் கூடாதே ஐயா? மொன்டானாக்காரர்கள் இன்னும் குறை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.


மடைக்காரர்

இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. சரிபாதி என்று சொன்ன அதே பிரிவு, பாசனக் காலத்தில், அதாவது ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, ஒரு முன்னுரிமையும் தருகிறது. செயின்ட் மேரியில் கனடாவுக்கு விநாடிக்கு முதல் 500 கனஅடி (இனி கனஅடி என்றாலே விநாடிக் கணக்குத்தான்), அல்லது இயற்கை ஓட்டத்தில் முக்கால் பங்கு, எது குறைவோ அது. மில்க்கில் அதே அளவு அமெரிக்காவுக்கு. சரிபாதியும் முன்னுரிமையும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று பன்னிரண்டு வருஷம் வாதாடினார்கள். 1921-ல் இரு நாட்டு நீர் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. ஓட்டம் 666 கனஅடி வரை இருந்தால் முன்னுரிமைக்காரருக்கு முக்கால், மற்றவருக்குக் கால். அதற்குமேல் வருவதைச் சமமாகப் பிரிக்க வேண்டும். அந்த ஆணையத்தில் அப்போது கனடாவின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? வீம்பு வாய்க்கால் கம்பெனியின் அதே மகிராத்.

செயின்ட் மேரியில் ஒரு நாள் விநாடிக்கு 1,000 கனஅடி வருகிறது என்று வையுங்கள். முதல் 666-ல் கனடாவுக்கு 500 போக அமெரிக்காவுக்கு 166. மீதி 334-ல் ஆளுக்கு 167. ஆகக் கனடாவுக்கு 667, அமெரிக்காவுக்கு 333. இப்போது ஆகஸ்டில் மில்க் ஆற்றைப் பாருங்கள். இயற்கை நீர் 40 கனஅடி. அமெரிக்காவுக்கு 30, நமக்கு 10. விதி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நீர் வளமான ஆற்றில் முக்கால் நமக்கு, வறண்ட ஆற்றில் முக்கால் அவர்களுக்கு. மொன்டானாவின் மனக்குறை அதுதான். 2003-ல் அவர்கள் ஆளுநர் ஜூடி மார்ட்ஸ் இந்த உத்தரவையே மறுபடி பாருங்கள் என்று ஆணையத்திடம் கேட்டார். ஆய்வுக்குழு அமைத்தார்கள், 2006-ல் அறிக்கை வந்தது. 1921 உத்தரவு மட்டும் மாறவில்லை.

என் கருத்தைக் கேட்டால், விதி மட்டும் குற்றவாளி இல்லை. இரண்டு தரப்புமே தங்கள் பங்கை முழுதாக எடுக்க முடியாமல் விடுகிறார்கள். அவர்கள் வாய்க்கால் 850 கனஅடி கொண்டுபோகக் கட்டியது, பழசாகிப் பழசாகி 600 பக்கம் இறங்கிவிட்டது. ஜூனில் செயின்ட் மேரி பொங்கும்போது அவர்கள் பங்கு அப்படியே கனடாவுக்குள் ஓடிவந்துவிடும். நமக்கு மில்க்கில் வசந்த வெள்ளத்தின்போது நல்ல பங்கு உண்டு, ஆனால் ஆல்பர்ட்டா பக்கம் அதைத் தேக்க ஓர் அணை கிடையாது. கட்டலாமா என்று எத்தனையோ முறை ஆராய்ந்தார்கள், கட்டவில்லை. அந்தப் பங்கு அப்படியே மொன்டானாவுக்குப் போய்விடும்.

ஆனாலும் களத்தில் இருப்பவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2001-ல் இருந்து இரு தரப்பு அளவீட்டு அதிகாரிகளிடையே ஒரு புரிந்துணர்வு. வசந்தத்தில் அமெரிக்கா செயின்ட் மேரியில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கோடையில் ஆல்பர்ட்டா விவசாயி மில்க்கில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வார். கடைசியில் கணக்கை நேர் செய்துகொள்வார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை ஓட்டத்தைக் கணக்கிட்டு, யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்று எழுதி வைக்கிறார்கள். தலைநகரங்களில் நூறு வருஷமாக முடியாத பேச்சை அளவுகோல் வைத்திருப்பவர்கள் ஓரளவு முடித்துவைத்தார்கள். எனக்கு இந்த ஆற்றின் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.


சமவெளிவாசி

தலை சுற்றினாலும் புரிகிறது ஐயா. அப்படியானால் இந்தக் குழாய் உடைந்ததில் மொன்டானாவில் கடைமடை விவசாயிகளின் கதி?


கரையோரம்

அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 1,20,000 ஏக்கர் இந்த நீரை நம்பி இருக்கிறது. பெரும்பாலும் கால்நடைத் தீவனம், அல்ஃபால்ஃபா புல். நடுத்தரமான வருஷத்தில் வயலுக்கு வரும் நீரில் பாதி செயின்ட் மேரியினுடையது. கடும் வறட்சியில் 90 சதவீதம் வரை போகும். வாய்க்கால் இல்லையென்றால் பத்தில் ஆறு வருஷம் ஆறு காய்ந்துவிடும் என்று அங்கே எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஹாவர், சினூக் ஊர்களின் குடிநீரும் இதுதான். ஹாவருக்கு மேலே 1939-ல் கட்டிய ஃப்ரெஸ்னோ அணை இருக்கிறது, ஆனால் அந்தப் பால் நிற வண்டல் படிந்து படிந்து அதன் கொள்ளளவில் கணிசமான பகுதி போய்விட்டது.

பராமரிப்புச் செலவில் பெரும்பங்கை விவசாயிகளே சுமக்கிறார்கள். வைக்கோல் விற்று வரும் காசில் நூறு வருஷக் குழாயை யார் மாற்றுவது? ஒட்டு மேல் ஒட்டுப் போட்டே ஓட்டினார்கள். 2020 மே மாதம் அந்த ஐந்து சரிவுகளில் கடைசியானது இடிந்து, அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் நின்றது. அது நேர்ந்து நான்கு வருஷம்தான் ஆகிறது.


வடதிசை

அப்படியென்றால் கனடாவும் செலவில் பங்கு தரலாமே? நம் பக்கமும் அந்த நீரால் ஆறு நிரம்பி ஓடுகிறது.


மடைக்காரர்

நியாயமான கேள்வி. ஆல்பர்ட்டா பக்கம் மில்க் ஆற்றில் பாசனம் சுமார் 8,000 ஏக்கர்தான். ஆற்றில் மட்டம் உயர்ந்து நின்றால் பம்பு போடுவது எளிது, மில்க் ரிவர் ஊரின் குடிநீருக்கும் நல்லது. அந்த அளவுக்கு நமக்கு ஆதாயம் உண்டு. மறுபக்கம், சின்ன ஆற்றில் பெரிய ஓட்டம் விட்டதால் கரை அரிக்கிறது, பண்ணை நிலம் ஆற்றில் விழுகிறது என்று இங்குள்ள பண்ணையாளர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். இரண்டையும் எடைபோட்டால் கொஞ்சமாவது நாம் தர வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒப்பந்தம் தண்ணீரைத்தான் பிரித்தது, தண்ணீரைத் தாங்கும் குழாயை யார் காப்பது என்று ஒரு வரியும் எழுதவில்லை.


கரையோரம்

செலவு என்று பேசும்போது மீன்களையும் சேர்க்க வேண்டும். கனடாவில் வெஸ்டர்ன் சில்வரி மின்னோ என்ற சிறு வெள்ளி மீன் இந்த ஒரு ஆற்றில் மட்டும்தான் இருக்கிறது. செயின்ட் மேரி பக்கம் புல் ட்ரவுட் மீன் வாய்க்காலுக்குள் இழுக்கப்பட்டு, திரும்ப வழியில்லாமல் சாகிறது. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட இனங்கள். மதகு கட்டினால் மீன் உள்ளே போகாதபடி கட்டுங்கள் என்பதும் பழைய கோரிக்கை.

சமவெளிவாசி, அடுத்த முறை போகும்போது ஆற்றை மட்டும் பார்க்காமல் பாறைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிளாக்ஃபுட் மொழியில் அந்த இடம் ஐசினைப்பி. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாறையில் செதுக்கிய மனிதர்கள், குதிரைகள், கேடயம் ஏந்திய வீரர்கள். ஆறு சிறியது, பள்ளத்தாக்கு மிக அகலம் என்பதைக் கவனித்தீர்களா? பனியுகத்தின் முடிவில் உருகிய பெருவெள்ளம் வெட்டிய பள்ளம் அது. இன்றைய ஆறு அதன் தரையில் ஓரமாக ஊர்ந்து போகிறது.


சமவெளிவாசி
ஆகஸ்ட் 2025

இந்த இழையை ஒரு வருஷம் கழித்து மேலே கொண்டுவருகிறேன். புதுக் குழாய்கள் போட்டு முடித்து, இந்தக் கோடையில் வாய்க்காலில் மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை பூங்காவுக்குப் போயிருந்தோம். ஆறு எனக்கு இடுப்பளவு ஓடியது, அதே தேநீர் நிறம். மிதவையை இறக்கினோம்.

மடைக்காரர் ஐயா சொன்ன புல் மூடிய பள்ளத்தையும் தேடிப் போனோம். மில்க் ரிவர் ஊருக்கு வெளியே, வேலிக்கு அப்பால் தெரிந்தது. கரையோரம் அக்கா சொன்ன கேடய வீரனைப் பெரிய மகன் முதலில் கண்டுபிடித்தான். சின்னவள் தண்ணீரில் கை விட்டபடி, "இது எந்த ஆத்துத் தண்ணி அப்பா?" என்று கேட்டாள். மலையிலிருந்து, பிளாக்ஃபீட் மக்களின் நிலத்தின் குறுக்கே, புதுக் குழாய் வழியாக வந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது.


மடைக்காரர்

சந்தோஷம் தம்பி. அந்தப் பள்ளத்தின் படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள். முழங்கால் வலி வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.